சிபிசிஐடி நோட்டீஸ் வந்தால்: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிற்கும்போது அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "ஐயா, கேஸ் சிஐடிக்குப் போய்விட்டது." சொல்கிறவர் புகார் கொடுத்தவர் என்றால் முகத்தில் பாதி வழக்கு ஜெயித்த தெளிவு. எதிர்த்தரப்பு என்றால் வேட்டி நுனியால் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்வார். இரண்டு பேருமே கொஞ்சம் மிகையாகத்தான் நினைக்கிறார்கள். ஊர்ப்பேச்சில் சிஐடி என்பது சிபிசிஐடி, அதாவது தமிழ்நாடு காவல்துறையின் குற்றப் புலனாய்வுப் பிரிவு. முதல் முறையாக இந்தப் பெயரை எதிர்கொள்கிறவர்களுக்காக, வக்கீலாக நான் வழக்கமாகச் சொல்வதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதலில், இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

ஜூனியராகச் சேர்ந்த புதிதில், சிபிசிஐடிக்கென்று தனிச் சட்டம் இருக்கும் என்று நம்பி சீனியரின் அலமாரியைக் குடைந்திருக்கிறேன். சிபிஐக்கு 1946-ஆம் ஆண்டு டெல்லி சிறப்புக் காவல் அமைப்புச் சட்டம் இருக்கிறது அல்லவா, அதைப் போல ஒன்று. அப்படி எதுவும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அப்படி எதுவும் இல்லை. 1906-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய சிஐடியின் வழியில் வந்த இந்தப் பிரிவு, தமிழ்நாடு காவல்துறையின் ஒரு கிளை. தலைமையகம் சென்னை எழும்பூரில். மாவட்டங்களில் அதன் அலுவலகங்கள்.

சட்டத்தில் அதற்கு இரண்டு கால்கள். ஒன்று, எந்த இடத்தையும் காவல் நிலையம் என்று அறிவிக்க மாநில அரசுக்கு இருக்கும் அதிகாரம். மற்றொன்று, நிலையப் பொறுப்பாளரைவிட மேல்நிலையில் உள்ள அதிகாரி, தனக்கு ஒதுக்கப்பட்ட எல்லை முழுவதும் நிலையப் பொறுப்பாளரின் அதிகாரத்தையே பயன்படுத்தலாம் என்ற விதி. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 36-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 30-ஆம் பிரிவு. முழுப் பெயரைச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்கிறது, கோர்ட்டில் பி.என்.எஸ்.எஸ். என்கிறோம். இனி சட்டத்தின் பெயர் சொல்லாமல் வரும் பிரிவு எண்கள் இதனுடையவை, "பழைய" என்று சொல்லும் எண்கள் முந்தைய சட்டத்தினுடையவை.

ஆகவே, கைது செய்வதிலும் சோதனை போடுவதிலும் சாட்சியை அழைப்பதிலும் சிபிசிஐடி இன்ஸ்பெக்டருக்கு இருப்பது உங்கள் ஊர் இன்ஸ்பெக்டருக்கு இருக்கும் அதே அதிகாரம்தான். அடிக்கவோ மிரட்டவோ இருவருக்குமே அதிகாரம் இல்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அவர்களுக்குத் திருவிழா பந்தோபஸ்து கிடையாது, நடவு நேரத்து வாய்க்கால் தகராறு கிடையாது. ஒரே வழக்குக் கட்டை மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு படிக்க நேரம் இருக்கிறது. உள்ளூர்ப் பெரிய மனிதர் போனில் பேசிக் காரியத்தை முடிப்பதும் அவ்வளவு எளிதல்ல.

டெல்டாவில் இன்னொரு குழப்பமும் உண்டு. கோயில் சிலை விவகாரத்தில் வருகிறவர்களையும் மக்கள் சிபிசிஐடி என்றே சொல்கிறார்கள். அது 1983-இல் தொடங்கிய சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு. சிஐடி என்ற வால் அதற்கும் உண்டு என்றாலும் ஆள் வேறு, அலுவலகம் வேறு. வந்திருப்பவர் யார் என்று அடையாள அட்டையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் பொருந்தும் நடைமுறை ஒன்றே என்பதால் இனி இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

வழக்கை அங்கே கொண்டுபோவது எப்படி?

நேராக அவர்கள் அலுவலகத்துக்குப் போய் "என் புகாரை எடுங்கள்" என்றால், பெரும்பாலும் உங்கள் நிலையத்துக்கே திருப்பிவிடுவார்கள். டிஜிபி உத்தரவு, அரசு ஆணை, உயர் நீதிமன்ற உத்தரவு ஆகிய மூன்றில் ஒரு வழியாகத்தான் வழக்குகள் அங்கே போகின்றன. ஆகவே தொடக்கம் உள்ளூர் நிலையம்தான். புகாரை எழுத்தில் கொடுங்கள். சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவைத்தால் அதுவே எஃப்.ஐ.ஆர். என்று எண்ணி வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அது புகார் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டுமே. எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். போட மறுத்தால் 173(4)-ஆம் பிரிவின்படி எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், பதிவுத் தபாலில். அங்கும் நகரவில்லை என்றால் பிரமாண வாக்குமூலத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பழைய 156(3), இப்போது 175(3).

இதையெல்லாம் செய்த பிறகும் விசாரணை ஒருதலையாகப் போகிறது என்று காட்டக் காரணம் இருந்தால், வேறு அமைப்புக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறோம். எங்கள் பகுதிக்கே உரிய ஒரு வேடிக்கை இங்கே வருகிறது. தஞ்சாவூர் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்குச் சென்னை. கும்பகோணத்துக்காரர் மதுரைக்கு பஸ் ஏற வேண்டும். அதே காவிரிக் கரையில் கொஞ்சம் கிழக்கே இருக்கும் குத்தாலத்துக்காரர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். சம்பவம் நடந்த ஊர் எந்த மாவட்டம் என்று பார்க்காமல் வக்கீல் பிடித்து, முன்பணமும் கொடுத்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

மாற்றிக் கேட்பது உரிமை அல்ல. "இன்ஸ்பெக்டர் மேல் நம்பிக்கை இல்லை" என்ற ஒற்றை வரிக்கு நீதிமன்றம் அசையாது. எந்தச் சாட்சியை விசாரிக்கவில்லை, எந்த ஆவணத்தைக் கைப்பற்றவில்லை என்று தேதியோடு காட்ட வேண்டும். மாறாக, அவசரம் நீதிமன்றத்துக்கே தெரியும்போது உத்தரவு உடனே வரும்: 2020-இல் சாத்தான்குளம் காவல் மரண வழக்கில், சிபிஐ வந்து பொறுப்பேற்கும் வரை சிபிசிஐடியே உடனடியாக எடுக்கட்டும் என்று மதுரைக் கிளை சொன்னது. சிபிஐயைப் பற்றி ஒரு வார்த்தை: மாநிலத்துக்குள் விசாரிக்கத் தமிழ்நாடு அரசு அதற்குத் தந்திருந்த பொது ஒப்புதலை 2023 ஜூனில் திரும்பப் பெற்றுவிட்டது. சிபிசிஐடிக்கு அந்தச் சிக்கலே கிடையாது. அது மாநிலத்தின் சொந்தப் போலீஸ்.

வாசலில் தாள் வந்தால்

நோட்டீஸ் வந்தவர்கள் செய்யும் முதல் தவறு, அதைப் படிக்காமல் யாரிடமாவது சிபாரிசு தேடி ஓடுவது. உட்கார்ந்து, மேலே எந்தப் பிரிவு எண் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்களை எந்த நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறார்கள் என்பதை அந்த எண்தான் சொல்லும்.

179 என்று இருந்தால் (பழைய ஆட்கள் 160 சம்மன் என்பார்கள்) நீங்கள் சாட்சி. 35(3) என்று இருந்தால், அதாவது பழைய 41-ஏ நோட்டீஸ், உங்கள் மேல் சந்தேகம் இருக்கிறது, ஆனால் இப்போதைக்குக் கைது தேவையில்லை என்று கருதுகிறார்கள். சொன்ன நாளில் ஆஜராகி ஒத்துழைத்துக்கொண்டிருக்கும் வரை, காரணத்தை எழுதிவைக்காமல் உங்களைக் கைது செய்ய முடியாது. ஆஜராகாமல் ஒளிந்தால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கிழித்துப் போட்டதாகிவிடும். 94 என்று இருந்தால் ஆவணமோ பொருளோ கேட்கிறார்கள்; செல்போனும் கணினியும் இதில் அடக்கம். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ், கொடுத்த பின் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து.

35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படி வந்தால் பதற வேண்டாம்; அதற்காக அழித்தும் விடாதீர்கள். வக்கீலிடம் காட்டுங்கள்.

சாட்சி சம்மனில் பலருக்குத் தெரியாத ஒரு சலுகை இருக்கிறது. பெண்கள், 15 வயதுக்குக் கீழ் அல்லது 60 வயதுக்கு மேல் உள்ள ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. தானாக விரும்பிப் போனால் போகலாம். பாபநாசம் பக்கத்து மூதாட்டி ஒருவரை, நிலப் பத்திரக் கேஸ் ஒன்றில், ஒரு விசாரணை அலுவலகத்திலிருந்து போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மகன் வாடகைக் கார் பேசிவிட்டு என்னிடம் வந்தார். காரை ரத்து செய்யச் சொல்லி, வயதையும் சட்டப் பிரிவையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் அனுப்பினோம். அடுத்த வாரம் அதிகாரி வீட்டுக்கே வந்தார். திண்ணையில் உட்கார்ந்து, பாட்டி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, முக்கால் மணி நேரத்தில் எழுதி முடித்தார். கோபமாகக் கூட இல்லை. பெரும்பாலான அதிகாரிகளுக்கு விதி தெரியும். உங்களுக்கும் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

உட்கார்ந்து பேசும்போது

சாட்சியாகப் போனால் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. 180-ஆம் பிரிவும் அரசமைப்பின் 20(3)-ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. நீங்கள் சொன்னதை அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அதில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதீர்கள். 181-ஆம் பிரிவு அந்தக் கையெழுத்தையே வேண்டாம் என்கிறது. மாஜிஸ்திரேட் முன்னால் 183-இன்படி தரும் வாக்குமூலம் வேறு விஷயம். அங்கே கையெழுத்து உண்டு, பின்னால் மாற்றிப் பேசினால் பின்விளைவும் உண்டு.

போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியம் ஆகாது என்பது ஊரறிந்த விதி. அதற்குள்ளேயே ஒரு மதகு திறந்திருக்கிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். "நான்தான் கோயில் பூட்டை உடைத்தேன், சிலையை அரசலாற்றுப் படுகையில் மூங்கில் புதருக்குக் கீழே புதைத்தேன்" என்று காவலில் இருப்பவர் சொல்கிறார், அங்கே தோண்டியதும் சிலை வெளிப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பூட்டை உடைத்தேன் என்ற பாதி செல்லாது. புதைத்த இடத்தைக் காட்டிய பாதி, அதன் மூலம் பொருள் கிடைத்த அளவுக்கு, செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இது. புதிய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23-க்குள் இருக்கிறது. சிலை வழக்குகளில் பாதிச் சண்டை இந்த ஒரு வரியைச் சுற்றித்தான்.

உண்மை கண்டறியும் சோதனை, மயக்க மருந்து கொடுத்துக் கேட்பது ஆகியவற்றை உங்கள் சம்மதம் இல்லாமல் செய்ய முடியாது. 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. கையெழுத்து மாதிரி, கைரேகை, குரல் மாதிரி ஆகியவை அப்படி அல்ல. மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் தர வேண்டும்.

வீட்டைச் சோதனை போட்டால்

கதவைச் சாத்தித் தகராறு செய்வதில் பயனில்லை. அவசரம் என்று காரணம் எழுதிவைத்துவிட்டு, வாரண்ட் இல்லாமலே சோதனை போட 185-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தக் குறிப்பின் நகலை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் விண்ணப்பித்தால் உங்களுக்கும் இலவச நகல். சோதனை முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும் என்பது 105-ஆம் பிரிவு புதிதாகக் கொண்டுவந்தது. "வீடியோ எடுக்கிறீர்களா, ஐயா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி. எங்கள் பக்கம் பெரும்பாலும் வி.ஏ.ஓ.வையும் தலையாரியையும் கூட்டிவருவார்கள். நீங்களும் கூடவே இருந்து பார்க்கலாம். பெண்களின் உடலைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும்.

கடைசியில் மஹசர், அதாவது எதை எங்கே எடுத்தார்கள் என்ற பட்டியல், எழுதுவார்கள். அதைப் படிக்க நேரம் கேளுங்கள். பூஜை அறையில் இருந்த சிலையை எடுத்தார்கள் என்றால், உயரம் எத்தனை செ.மீ., எடை எவ்வளவு, கையில் விரல் உடைந்திருக்கிறதா, பீடத்தில் எழுத்து இருக்கிறதா, எல்லாம் அதில் வர வேண்டும். "பழங்கால ஐம்பொன் சிலை" என்று அந்த இடத்திலேயே யாரும் தீர்ப்பு எழுத முடியாது. அது நிபுணர் சொல்ல வேண்டியது. கண்ணுக்குத் தெரிந்ததை, உலோகச் சிலை என்று, எழுதச் சொல்லலாம். வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் மறுத்துவிடுங்கள், கேட்பவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும். பட்டியலின் நகல் உங்கள் கைக்கு வந்த பிறகே அவர்களை வழியனுப்புங்கள்.

சிலையைப் பற்றிப் பேச்சு எடுத்துவிட்டதால், வழக்கே வராமல் தடுக்கும் ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலத்து உலோகச் சிலை வீட்டில் இருக்கிறது, 100 ஆண்டுக்கு மேல் பழையது என்றால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். எங்கள் அக்கிரகாரங்களிலும் பண்ணை வீடுகளிலும் பலருக்கு இது தெரியவே தெரியாது. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது ஏதாவது கிடைத்தாலோ, அன்றே வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அந்தக் காலத்துப் பத்து ரூபாய், இன்னும் மாறவில்லை. திருவாரூர்ப் பக்கம் பத்தூரில் 1976-இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜர் கைமாறிக் கைமாறி லண்டன் வரை போய், அங்கே வழக்கு நடந்து, 1991-இல்தான் ஊர் திரும்பினார். 2023-இல் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்கு மண் எடுத்தபோது இருபதுக்கு மேற்பட்ட சிலைகளும் நூற்றுக்கணக்கான தேவாரச் செப்பேடுகளும் கிடைத்தன. உடனே ஊரறியச் சொன்னதால் எல்லாம் நாட்டிலேயே இருக்கின்றன. மறைத்துவைத்தவர்களுக்கு வரும் சிக்கலைப் பார்த்திருக்கிறேன். ஆசை என்னவோ பாதி பேருக்கு விற்பதல்ல, "சாமி நம் வீட்டைத் தேடி வந்திருக்கிறது" என்பதுதான். சட்டம் அந்தப் பக்தியைக் கணக்கில் எடுப்பதில்லை.

கைது என்றால்

இங்கே வேகமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் உங்களுக்கும் வேகமாகத்தான் நினைவு வர வேண்டும். காரணம் சொல்ல வேண்டும். வீட்டார் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும். கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். நேரம் சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், முழு நேரமும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது. மருத்துவர் பார்க்கும்போது காயம் இருந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களைச் சூரியன் மறைந்த பின் உதிக்கும் முன் கைது செய்வது விதிவிலக்காக மட்டுமே, அதுவும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரியால். 60 வயது தாண்டியவரை மூன்று ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக் குற்றத்துக்குக் கைது செய்ய டி.எஸ்.பி. அனுமதி வேண்டும்.

மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்ட (ரிமாண்டு) பிறகு வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டு நாளை எண்ணத் தொடங்குங்கள். போலீஸ் காவல் மொத்தம் 15 நாளுக்கு மேல் போகாது. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை. நூற்றுக்கணக்கான ஆவணங்கள் உள்ள சிஐடி வழக்குகளில் இந்த நாள் கணக்கு பலமுறை கைகொடுத்திருக்கிறது. ஆனால் மனு போட வேண்டும். தானாக யாரும் கதவைத் திறந்துவிட மாட்டார்கள். அவர்கள் குற்றப்பத்திரிகையை முந்திக்கொண்டு தாக்கல் செய்துவிட்டால் போயிற்று.

எல்லை தாண்டினால்

நாகூரிலிருந்து வண்டியில் கொஞ்ச நேரம் போனால் காரைக்கால். டெல்டாவில் அது ஒரே மண், ஒரே ஆறு. சட்டக் கணக்கில் புதுச்சேரி, வேறு போலீஸ். பாலத்தைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டு போலீஸ் தொட முடியாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குற்றவாளியைத் துரத்திக்கொண்டு இந்தியாவில் எங்கும் போகச் சட்டம் அனுமதிக்கிறது. வேறு நிலைய எல்லையில் சோதனை என்றால் அந்த நிலையத்தின் மூலம் போட வேண்டும். தாமதித்தால் தடயம் அழியும் என்றால் நேரடியாகவே போட்டுவிட்டு அவர்களுக்குத் தகவல் தரலாம். வெளிநாட்டில் மட்டும் அவர்கள் கை தனியாக நீளாது, நீதிமன்றம் வழியாகவும் மத்திய அரசு வழியாகவும் போக வேண்டும். சிலை கடத்தலில் சிக்கிய கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் 2011-இல் ஜெர்மனியில் பிடிபட்டு, 2012-இல் இங்கே கொண்டுவரப்பட்டு, உடையார்பாளையம் கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பர் 1 அன்று கும்பகோணம் நீதிமன்றத்தில் பத்து ஆண்டு தண்டனை பெற்றார். வருடங்களைக் கூட்டிப் பாருங்கள். "சிஐடி எடுத்துவிட்டது, அடுத்த மாதம் முடிந்துவிடும்" என்று என்னிடம் வழக்கு கொடுத்த எந்தக் கட்சிக்காரரிடமும் நான் சொல்லாததற்குக் காரணம் புரியும்.

புகார் கொடுத்தவர் சும்மா காத்திருக்க வேண்டாம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 193-ஆம் பிரிவு. வழக்கு மாறியதும் பெரும்பாலும் புதுக் குற்ற எண் தருவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள், பழைய எண்ணை வைத்துக்கொண்டு அலைந்தால் கட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது. வழக்கை முடித்துவிடப் பரிந்துரைத்தால் மாஜிஸ்திரேட் உங்களுக்கு நோட்டீஸ் தர வேண்டும், நீங்கள் ஆட்சேபம் சொல்லலாம்.

ஒரு புது வியாதி: "சிஐடியிலிருந்து பேசுகிறோம், உங்களை வீடியோவில் கைது செய்திருக்கிறோம், பணம் கட்டினால் விடுகிறோம்" என்று போன். நமது சட்டத்தில் எங்கும் வீடியோ கைது என்று ஒன்று கிடையாது. போனை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். பணம் போய்விட்டது என்றால் அதே நிமிடம்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100-க்கு அழைக்கலாம், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானத்தைப் பார்க்காமலே உதவி உண்டு. போகும்போது எஃப்.ஐ.ஆர். நகலோடு, வந்த நோட்டீஸை உறையோடு எடுத்துச் செல்லுங்கள். நோட்டீஸில் ஒரு தேதி இருக்கும், உறையின் தபால் முத்திரையில் வேறு தேதி இருக்கும். ஆஜராக உங்களுக்கு உண்மையில் எத்தனை நாள் கிடைத்தது என்று நாங்கள் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் எண்ணுவோம்.